பத்து வயதுக்கு எதற்கு சீரம்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒரே பெயர்தான் திரும்பத் திரும்ப வருகிறது: நியாசினமைடு. முகத்தில் தடவும் சீரங்களில் சேர்க்கிற சரக்கு. ஒருவர் பாட்டிலையே நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். கேட்டிருப்பது எல்லாமே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்காக. அதனால் முடி உதிர்வு, பித்தவெடிப்பு கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். வயது 10. என் தங்கை காலேஜில் படிக்கும்போதிருந்து 10 சதவீத நியாசினமைடு சீரம் போடுகிறாள். அதைப் பார்த்து இவளும் கேட்டாள், பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டேன். தினமும் குளித்ததும் போட்டுக்கொள்கிறாள். இரண்டு நாளாக “கன்னம் சுள்ளுன்னு இருக்கும்மா” என்கிறாள். முகத்தில் பரு ஒன்றும் இல்லை. விளையாட்டு மைதானத்தில் நின்று கொஞ்சம் கறுத்திருக்கிறாள், அவ்வளவுதான். இது பிள்ளைகளுக்கு ஆபத்தா டாக்டர்? (வாசகி, ஈரோடு)

முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். நியாசினமைடு விஷம் இல்லை. வைட்டமின் பி3-யின் ஒரு வடிவம். நிலக்கடலையிலும் கோழியிலும் மீனிலும் இருந்து நம் உடம்புக்குக் கிடைப்பதும் இந்த வைட்டமின்தான். தோல் வறண்டு அரிக்கிற பிள்ளைகளுக்கு நாங்கள் எழுதிக்கொடுக்கும் மாய்ஸ்சரைசர்கள் சிலவற்றில் இது கொஞ்சம் கலந்தே இருக்கும். அதைப் போட்டு எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகிவிடுவதில்லை. அமெரிக்காவில் அழகுப் பொருட்களின் சேர்மானங்களை ஆராயும் நிபுணர் குழு 2005-லேயே இதைப் பாதுகாப்பானது என்று சொல்லிவிட்டது.

இந்த வைட்டமின் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெல்லாக்ரா என்று ஒரு நோய் உண்டு. வெயில் படுகிற இடமெல்லாம், முக்கியமாகக் கழுத்தைச் சுற்றி மாலை போட்ட மாதிரி, தோல் கறுத்து உரியும். தக்காணத்தில் சோளத்தையே மூன்று வேளையும் சாப்பிட்ட ஏழைகளுக்கு அது வந்தது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் ஹைதராபாத்தில் இருந்து அதை ஆராய்ந்து, சோளத்தில் மிகுதியாக இருக்கும் லியூசின் என்ற அமினோ அமிலத்தின் மேல் சந்தேகத்தைத் திருப்பினார். சக ஆராய்ச்சியாளர் ஸ்ரீகாந்தியாவுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1960-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. ஆக, இது நேற்று ரீல்ஸில் பிறந்த சரக்கு இல்லை. ஒரு காலத்தில் பசித்தவனுக்கு மருந்தாகத் தேடியதை இன்று பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கிறோம்.

சரி, விஷம் இல்லை என்றால் கன்னம் ஏன் சுள்ளென்கிறது?

காரணம் அளவு. இந்தச் சரக்கைப் பற்றி நடந்த நல்ல ஆராய்ச்சிகள் பெரும்பாலும் 2 முதல் 5 சதவீதம் வரை வைத்துத்தான் நடந்தன. அதுவும் பெரியவர்களிடம். 10 சதவீதம் என்பது கடைக்காரர்களின் போட்டி. ஒருவர் 5 போட்டால் அடுத்தவர் 10 போடுவார், அதற்கடுத்தவர் 15. கூடப் போட்டால் கூடப் பலன் என்பதற்கு ஆதாரம் இல்லை, எரிச்சலுக்குத்தான் வாய்ப்பு கூடும். அப்புறம், பாட்டிலில் நியாசினமைடு மட்டும் இல்லை. கெடாமல் இருக்க ஒன்று, வாசனைக்கு ஒன்று, ஜிங்க் ஒன்று, சிலவற்றில் தோல் உரிக்கும் அமிலமும் இருக்கும். பிள்ளைகளுக்கு ஒவ்வாமை வருவது பெரும்பாலும் இந்தக் கூட்டாளிகளால்தான். குளித்த ஈரம் காய்வதற்குள் போடுவதும் எரிச்சலைக் கூட்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் இருக்கிறது. “கொஞ்சம் கறுத்திருக்கிறாள்” என்று எழுதியிருக்கிறீர்கள். சீரம் வீட்டுக்குள் வந்த வழி அதுதான் என்று நினைக்கிறேன்.

தோலில் நிறத்தைச் செய்கிற செல்கள் அடியில் இருக்கின்றன. அவை மெலனின் என்ற நிறப்பொருளைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி மேலே உள்ள செல்களுக்கு கூரியர் மாதிரி அனுப்புகின்றன. நியாசினமைடு பொட்டலம் கட்டுவதைத் தடுப்பதில்லை, அனுப்புவதைத்தான் மந்தப்படுத்துகிறது. ஜப்பானில் நடந்து 2002-ல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. தடவுவதை நிறுத்தினால் பொட்டலம் பழையபடி போகும், நிறமும் பழையபடி வரும். அதுவரை கிடைப்பதும் திட்டுத் திட்டான கரும்புள்ளி கொஞ்சம் மங்குவதுதான். அப்பாவின் நிறத்தில் பிறந்த பிள்ளை சித்தியின் நிறத்துக்குப் போகாது.

மெலனின் எதற்காக மேலே போகிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள். ஈரோட்டு ஏப்ரல் வெயிலில் கோகோ ஆடுகிற பிள்ளையின் தோல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்கிற வேலை அது. மைதானத்துக்குப் போவது குறைந்தால் அந்தக் கறுப்பு தானே இறங்கிவிடும். தயவுசெய்து அதற்காக மைதானத்தை நிறுத்திவிடாதீர்கள். என்னிடம் வரும் அம்மாக்கள் சிலர் அதையும் செய்கிறார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: சீரத்தை நிறுத்துங்கள். ஒரு வாரத்துக்கு முகத்தை வெறும் தண்ணீரில், வேண்டுமானால் நுரை குறைவான வாசனை இல்லாத சோப்பில் கழுவினால் போதும். கன்னம் காய்ந்திருந்தால் சாதாரண மாய்ஸ்சரைசர் அல்லது கொஞ்சம் வாசலின். சிவப்பு தடித்து, அரித்து, கண் இமை வீங்கினால் அது வெறும் எரிச்சல் இல்லை, ஒவ்வாமை. அப்போது நேரில் தோல் டாக்டரிடம் காட்டுங்கள், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஆசையாகக் கேட்டு வாங்கியதைப் பிடுங்கினால் அழுவாள்தான். “உன் கன்னத்துக்கு இது ஒத்துக்கல, டாக்டர் வேண்டாம்னுட்டாங்க” என்று பழியை என் மேல் போட்டுவிடுங்கள். “நீ கறுப்பாகலடி” என்று மட்டும் சமாதானம் சொல்ல வேண்டாம். அப்படிச் சொன்னால் கறுப்பு ஒரு வியாதி என்று அவள் புரிந்துகொள்வாள்.

மகனுக்கு 13 வயது. நெற்றி முழுக்கப் பொடிப் பொடியாகப் பரு. நியாசினமைடு நல்லது என்று மெடிக்கலில் சொன்னார்கள். பையனுக்குப் போய் சீரமா என்று என் அம்மா சிரிக்கிறார். போடலாமா? (வாசகர், கோவில்பட்டி)

போடலாம். பாட்டி சிரித்துவிட்டுப் போகட்டும்.

பத்து வயதுப் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொன்ன அதே டாக்டர்தான் நான். அங்கே தீர்க்க ஒரு தொந்தரவு இல்லை, இங்கே இருக்கிறது. 1995-ல் வெளியான ஒரு ஆய்வில் 4 சதவீத நிகோடினமைடு ஜெல்லும் கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஜெல்லும் எட்டு வாரத்தில் பருவை ஏறத்தாழ ஒரே அளவு குறைத்தன. நிகோடினமைடும் நியாசினமைடும் ஒன்றுதான். ஆன்டிபயாடிக்கைத் தனியாக மாதக்கணக்கில் தடவினால் கிருமி பழகிவிடும், இதில் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே 4 அல்லது 5 சதவீதம், ராத்திரி ஒரு வேளை.

ஆனால் நீங்கள் சொல்லாத ஒன்றைக் கேட்கிறேன். பையன் தலைக்கு எண்ணெய் வைத்து வழிய வாரி விடுகிறீர்களா? பொடிப் பொடியாக, அதுவும் நெற்றியில் மட்டும் என்றால் முதல் சந்தேகம் தேங்காய் எண்ணெய் மேல்தான். எண்ணெய் நெற்றிக்கு இறங்கித் துவாரத்தை அடைக்கும். வாரம் ஒரு நாள் வைத்து அன்றே அலசிவிடுங்கள். தலையணை உறையை மாற்றுங்கள். முடி நெற்றியில் விழாமல் வெட்டிவிடுங்கள். இத்தனையும் செய்து, சீரமும் போட்டு, இரண்டு மாதத்தில் குறையவில்லை என்றால் அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு என்று பருவுக்கே உரிய மருந்துகள் இருக்கின்றன. பன்னிரண்டு வயது தாண்டியவர்களுக்கு அவற்றைத் தாராளமாகத் தருகிறோம். ஆனால் டாக்டர் சீட்டோடு வாங்குங்கள். பென்சாயில் பெராக்சைடு பட்டால் துணி வெளுக்கும். யூனிபார்ம் சட்டைக் காலர் போய்விட்டது என்று என்னிடம் சண்டைக்கு வந்த அப்பாக்கள் உண்டு, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு வயது தாண்டி ஏழு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு முகத்தில் பரு வந்தால் மட்டும் சீரமும் வேண்டாம், கை வைத்தியமும் வேண்டாம். அந்த வயதில் பரு வரக் கூடாது. ஹார்மோன் பரிசோதனை தேவைப்படலாம்.

11 வயது மகளுக்குக் கழுத்தைச் சுற்றிக் கறுப்பு. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. மூன்று மாதமாகக் காலை மாலை நியாசினமைடு போட்டும் துளி மாற்றமில்லை. சதவீதத்தைக் கூட்ட வேண்டுமா? (வாசகி, தஞ்சாவூர்)

வேண்டாம். பீர்க்கங்காய் நாரையும் கீழே வையுங்கள். அது அழுக்கு இல்லை.

அவள் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். கறுத்த இடம் வெல்வெட் துணி மாதிரி தடித்து, வரி வரியாக இருக்கிறதா? அக்குளிலும் அப்படியே இருக்கிறதா? வயதுக்கு மீறிய எடை இருக்கிறதா? வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா? இவற்றில் இரண்டுக்கு ‘ஆமாம்’ என்றால் போக வேண்டிய இடம் அழகுப்பொருள் கடை இல்லை, குழந்தைகள் டாக்டர். உடம்பு இன்சுலின் பேச்சைக் கேட்காதபோது, ரத்தத்தில் இன்சுலின் அளவு ஏறுகிறது. அந்த இன்சுலின் தோல் செல்களை வேகமாக வளரச் செய்கிறது. கழுத்துக் கறுப்பு அதன் அடையாளம். எடை, வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி பார்க்கும் எச்பிஏ1சி இவற்றை எடுக்கச் சொல்வார்கள். சர்க்கரை வந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. வரும் வழியில் இருக்கலாம், தடுக்க நேரம் இருக்கிறது.

எடை இறங்கினால் கறுப்பும் மெல்ல இறங்கும். ஸ்கூல் விட்டு வரும்போது பேக்கரியில் வாங்கும் பப்ஸ், பாட்டில் ஜூஸ், பாலில் மூன்று ஸ்பூன் கலக்கும் சத்து மாவுப் பவுடர் (அதன் அட்டையில் சர்க்கரை எவ்வளவு என்று படியுங்கள்) இவற்றிலிருந்து தொடங்குங்கள். தினம் ஒரு மணி நேரம் வேர்க்க விளையாடட்டும். கழுத்தைத் தேய்த்தால் உராய்வில் இன்னும்தான் கறுக்கும். உறவுக்காரர்கள் “குளிக்கலையாடி?” என்று கேட்டால் அவளுக்கு முன்னால் நீங்கள் பதில் சொல்லிவிடுங்கள்.

வணக்கம் டாக்டர் ஆன்ட்டி. நான் எட்டாம் வகுப்பு. என் கிளாஸில் எல்லாரும் நியாசினமைடு, வைட்டமின் சி, ரெட்டினால் எல்லாம் போடுகிறார்கள். அம்மா விட மாட்டேன் என்கிறார். நான் சேர்த்து வைத்த காசு இருக்கிறது. எதை முதலில் வாங்கலாம்? (நாகர்கோவில்)

கண்ணு, எல்லாரும் என்றால் நாலு பேர் இருப்பார்கள். இருந்தாலும் கேட்டாய் பார், அது நல்ல விஷயம்.

ரெட்டினாலை முதலில் பட்டியலிலிருந்து அடித்துவிடு. அது முகச் சுருக்கத்துக்குப் போடுவது. உனக்குச் சுருக்கம் வர இன்னும் இருபது வருஷமாவது இருக்கிறது. தோல் காயும், உரியும், வெயில் தாங்காது. ஐரோப்பாவில் பெரியவர்களின் முகக் கிரீமிலேயே 0.3 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2024-ல் சட்டம் போட்டார்கள். வைட்டமின் சி சீரம் பல அமிலத் தன்மை உள்ளவை, சுள்ளென்னும். நியாசினமைடு இந்தக் கூட்டத்தில் சாது. ஆனால் அதற்கும் உன் முகத்தில் வேலை இருக்க வேண்டும் இல்லையா?

ஒரு கதை சொல்கிறேன், நிஜக் கதை. அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பேர் 13 வயதுப் பிள்ளைகள் மாதிரி டிக்டாக்கில் கணக்குத் தொடங்கி, 7 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகள் போட்ட 100 ஸ்கின்கேர் வீடியோக்களை உட்கார்ந்து பார்த்தார்கள். 2025-ல் அதை ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் எழுதினார்கள். ஒரு பெண் சராசரியாக ஆறு பொருள் பூசுகிறாள். மாதச் செலவு சராசரி 168 டாலர். நிறையப் பேர் பார்த்த வீடியோக்களில் எரிச்சல் தரக்கூடிய சரக்குகள் சராசரியாகப் பதினொன்று. இத்தனையும் பூசிய பிள்ளைகளின் பகல் வீடியோக்களில் சன்ஸ்கிரீன் இருந்தது நூற்றுக்கு 26-ல்தான்! நம் நாட்டில் 2020-லிருந்து டிக்டாக் இல்லை, ஆனால் அதே வீடியோதான் ரீல்ஸாக உன் கைக்கு வருகிறது. ஸ்வீடனில் ஒரு பெரிய மருந்துக்கடை நிறுவனம் 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்த மாதிரி கிரீம்களை விற்க மாட்டோம் என்று 2024-ல் சொல்லிவிட்டது.

எனக்கு இதில் கவலை ஒன்றுதான். வாசனைப் பொருளுக்கோ கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருளுக்கோ உன் உடம்பு ஒருமுறை ஒவ்வாமை பழகிவிட்டால் அது ஆயுசுக்கும் இருக்கும். பிறகு எந்த ஷாம்பு, எந்த சோப்பு வாங்கினாலும் பின்பக்கம் படித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஒரே நேரத்தில் ஆறு பொருள் போட்டால் எது செய்தது என்றும் தெரியாது.

உன் காசுக்கு என் யோசனை: ஒரு சாதாரண பேஸ் வாஷ், வாசனை இல்லாத ஒரு மாய்ஸ்சரைசர். நீச்சலுக்கோ கிரிக்கெட் கோச்சிங்குக்கோ போகிறாய் என்றால் ஜிங்க் ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன். பரு வந்தால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. மீதிக் காசில் என்ன வாங்குவது என்று உனக்கே தெரியும்.

9 வயதுப் பேத்திக்குக் கன்னத்தில் வெளுத்த தேமல். மெடிக்கலில் “நியாசினமைடு கிரீம்தான், ஒண்ணும் ஆகாது” என்று ஒரு டியூப் கொடுத்தார்கள். ஐந்தே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. தொடரலாமா? (வாசகி, விருதுநகர்)

அம்மா, ஐந்து நாளில் பளிச்சென்று ஆனதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நியாசினமைடுக்கு அந்த வேகம் கிடையாது. வாரக்கணக்கில் எடுக்கும்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நியாசினமைடு என்று எங்கேயும் இல்லை. மொமெட்டாசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின் என்று மூன்று பெயர். முதலாவது ஸ்டீராய்டு. இரண்டாவது நிறத்தை வெளுக்க வைப்பது. மூன்றாவது மேலே நான் அடித்துவிடச் சொன்ன ரெட்டினாலைவிட வீரியமானது. பெரியவர்களின் மங்குக்கு, அதுவும் சில வாரத்துக்கு மட்டும் எழுதுகிற மருந்து இது. குழந்தை முகத்தில் தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து ரத்தக் குழாய் தெரியும், சிவந்தே நிற்கும், கன்னத்தில் முடி வளரும், பரு வரும். நிறுத்தினால் எரியும், அதனால் நிறுத்தவும் முடியாது. மேலே தடவும் ஸ்டீராய்டு பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு அறிவிக்கை போட்டாயிற்று. கவுண்டரில் யார் கேட்கிறார்கள்?

ஐந்து நாள்தான் என்பதால் இன்றே நிறுத்திவிடலாம். எரிந்தால் வாசலின் தடவுங்கள், இந்த வாரத்துக்குள் ஒரு தோல் டாக்டரிடம் காட்டுங்கள். அந்த வெள்ளைத் திட்டு பெரும்பாலும் வறட்சியால் வருவது. வெயிலில் சுற்றியுள்ள தோல் கறுக்கும்போது அது தூக்கிக் காட்டும். வயிற்றுப் பூச்சியால் வருவதில்லை. தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ போதும், போக மாதக் கணக்காகும். முதுகிலும் மார்பிலும் செதிலோடு வருவது பூஞ்சைத் தேமல், அதற்கு மருந்து வேறு. தொட்டால் உணர்ச்சியே இல்லாத திட்டு என்றால் தாமதிக்கவே கூடாது, தொழுநோய்க்கும் பரிசோதிக்க வேண்டும்.

லேபிளே இல்லாத, வெளிநாட்டிலிருந்து வந்தது என்று கைமாறும் வெளுக்கும் கிரீமை இந்த மாதிரி டியூபை விடவும் ஆபத்தாக நினையுங்கள். கேரளத்தில் கோட்டக்கல் மருத்துவர்கள் 2024-ல் ஒரு சிறுநீரக நோயைப் பற்றி எழுதியிருந்தார்கள். சிறுநீரில் புரதம் போய்க் கால் வீங்கி வந்தவர்களில் பலர் தடவியது பாதரசம் கலந்த அப்படிப்பட்ட கிரீம்.

சீரமே வேண்டாம், நாங்கள் கடலை மாவும் கஸ்தூரி மஞ்சளும் எலுமிச்சைச் சாறும்தான். சரிதானே? (வாசகி, காரைக்குடி)

கடலை மாவு சரி, அழுந்தத் தேய்க்காதவரை. கஸ்தூரி மஞ்சள் சிலருக்கு அரிக்கும். எலுமிச்சை வேண்டவே வேண்டாம். சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்பளித்துக் கறுத்துப் போகும், அந்தத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். ரசத்துக்குப் பிழியுங்கள்.

599 ரூபாய் கொடுத்து மகளுக்கு வாங்கிய சீரம் முக்கால் பாட்டில் அப்படியே இருக்கிறது. அவள் போட வேண்டாம் என்றால் வீணாக்கவா? எனக்கு வயது 41. (வாசகி, மதுரை)

நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வயதுக்குத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். முதலில் காது மடலுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்து இரண்டு நாள் பாருங்கள். பிறகு ராத்திரி இரண்டு மூன்று சொட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள், மேலே மாய்ஸ்சரைசர். பாட்டிலின் பின்னால் திறந்த டப்பா படமும் அதற்குள் 6 அல்லது 12 என்ற எண்ணும் இருக்கும். திறந்த தேதியிலிருந்து அத்தனை மாதம் வரும்.